தர்மபுரி விழும் கடல்கள்

வரைபட மேசை: வாசகர் கேள்வி பதில்

போன மாதம் இலவசச் செயற்கைக்கோள் படங்களைப் பற்றி எழுதினேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்: படம் வரவில்லை, வந்தாலும் சரியாக வரவில்லை. ஆசையைத் தூண்டிவிட்டவள் நான்தான், பதிலும் நான்தான் சொல்ல வேண்டும். பழையபேட்டையில் ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் என் அலுவலகத்தில், கரண்ட் இருந்த நேரமெல்லாம் ஒவ்வொன்றையும் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அக்கா, நான் பாலிடெக்னிக் கடைசி வருடம். புராஜெக்டுக்காக, இணையப் பக்கத்தில் வரைபடம் காட்டும் லீஃப்லெட் என்ற நிரல் தொகுப்பில் (லைப்ரரி) தர்மபுரி வரைபடம் செய்தேன், நன்றாக வந்தது. எங்கள் சார் அதையே ஓப்பன்லேயர்ஸ் என்ற இன்னொரு லைப்ரரியில் செய்யச் சொன்னார். அதே 12.13, 78.16 எண்களைத்தான் போட்டேன். வெறும் நீலம்தான் வருகிறது. மேலே நாசா படத்தை ஏற்றினால் அதிலும் கடல். எங்கே தப்பு?
– மாணவர், காரிமங்கலம்

எந்தக் கடல் என்று எழுதாமல் விட்டுவிட்டாயே தம்பி! கடலைச் சொன்னால் வியாதியைச் சொல்லிவிடலாம். நம் மாவட்டத்துக்குக் கடற்கரையே கிடையாது. ஆனாலும் இந்தப் பத்து வருடத்தில் நான் தர்மபுரியை நான்கு கடல்களில் தள்ளிப் பார்த்திருக்கிறேன். திரையைச் சுருக்கிப் பார், நீ எதில் நிற்கிறாய் என்று தெரியும்.

மேலே பனி மூடிய தீவுகள் தெரிந்தால் அது ஆர்க்டிக். நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டிய கடல். லீஃப்லெட்டுக்கு அட்சரேகையை முதலில் கொடுக்க வேண்டும், தீர்க்கரேகை அப்புறம். ஓப்பன்லேயர்ஸுக்குத் தலைகீழ்: தீர்க்கரேகைதான் முதலில். 12.13, 78.16 என்று கொடுத்தால் அது 12 டிகிரி கிழக்கு, 78 டிகிரி வடக்கு என்று எடுத்துக்கொண்டு உன்னை வடதுருவத்துப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும். இது யார் தவறும் இல்லை. கப்பல்காரர்களும் நில அளவைக்காரர்களும் காலம்காலமாக அட்சரேகையை முதலில் சொல்லிப் பழகியவர்கள். கிராஃப் தாளில் கணக்குப் போட்டு வளர்ந்தவர்களுக்கு எக்ஸ் முதலில், எக்ஸ் என்றால் கிழக்கு. லீஃப்லெட் முதல் கட்சி. ஓப்பன்லேயர்ஸ், மேப்லிப்ரே என்ற இன்னொரு லைப்ரரி, இடங்களை எழுதிவைக்கும் ஜியோஜேசன் கோப்பு வடிவம் எல்லாம் இரண்டாவது கட்சி. நான் இதற்காகவே மானிட்டர் ஓரத்தில் ஒரு சின்னச் சீட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்.

இடது பக்கம் கடல், வலது பக்கமும் மேலேயும் ஆப்பிரிக்கா என்று தெரிந்தால் அது கினி வளைகுடா. இது வரிசை சரியாகக் கொடுத்து, மாற்ற மறந்தவர்களின் கடல். ஓப்பன்லேயர்ஸ் தானாக டிகிரியில் வேலை செய்யாது. வெப் மெர்க்கேட்டர் என்ற மீட்டர் கணக்கில்தான் யோசிக்கும். நீ 78.16, 12.13 என்று மொட்டையாகக் கொடுத்தால், கிரீன்விச் கோடும் பூமத்திய ரேகையும் வெட்டும் இடத்திலிருந்து 78 மீட்டர் கிழக்கே, 12 மீட்டர் வடக்கே கொண்டுபோய் நிறுத்திவிடும். அந்த மீட்டர் கணக்கில் தர்மபுரி உண்மையில் கிழக்கே சுமார் 87 லட்சம், வடக்கே சுமார் 13 லட்சத்து 60 ஆயிரம். இந்த மாற்றத்தைச் செய்ய ஃப்ரம்லான்லாட் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. எண்களை அதற்குள் போட்டுக் கொடு. பேரே வரிசையையும் சொல்லிவிடுகிறது பார், லான் (தீர்க்கரேகை) முதலில், லாட் (அட்சரேகை) அப்புறம்.

வரைபடத்தின் நடுப்புள்ளி சரி, ஊர்ப் பெயர்களெல்லாம் சரியான இடத்தில் இருக்கின்றன, ஆனால் அடியில் செயற்கைக்கோள் படம் மட்டும் வெறும் தண்ணீர் என்றால், குற்றம் டைல் முகவரியில். உன் கடிதத்தில் "அதிலும் கடல்" என்று இருப்பதால் உனக்கு இதுவும் சேர்ந்தே இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

டைல் என்றால் உலகப் படத்தைச் சதுரமாக வெட்டிய துண்டு. ஜூம் 9-இல் உலகம் 512 நெடுவரிசை, 512 கிடைவரிசையாக வெட்டப்படும். தர்மபுரி வருவது 367-ஆவது நெடுவரிசை, 238-ஆவது கிடைவரிசை, எண்ணுவது பூஜ்யத்திலிருந்து. அந்த ஒரு துண்டிலேயே தர்மபுரி, கிருஷ்ணகிரி, அரூர், ஊத்தங்கரை நான்கும் அடக்கம். பெரும்பாலான டைல் சேவைகளில் முகவரி இசட் (ஜூம்), எக்ஸ் (நெடுவரிசை), ஒய் (கிடைவரிசை) என்ற வரிசையில் போகும். நாசாவின் ஜிப்ஸ் சேவையில் இசட்டுக்கு அடுத்து ஒய், கடைசியில்தான் எக்ஸ். பழக்க தோஷத்தில் மாற்றிப் போட்டால் 238-ஆவது நெடுவரிசை, 367-ஆவது கிடைவரிசை வந்து சேரும். அது 61 டிகிரி தெற்கு, அண்டார்க்டிகாவுக்குப் போகிற வழிக் கடல். இது மூன்றாவது.

நான்காவது இந்தியப் பெருங்கடல். சில சேவைகள் கிடைவரிசையைக் கீழிருந்து மேலாக எண்ணும். டிஎம்எஸ் என்று போட்டிருக்கும். அங்கே நம் துண்டின் எண் 238 இல்லை, 273. அதைக் கவனிக்காவிட்டால் பூமத்திய ரேகைக்கு இந்தப் பக்கம் இருக்க வேண்டிய தர்மபுரி அதே தூரம் அந்தப் பக்கம் போய்விடும். லீஃப்லெட்டில் டிஎம்எஸ் என்ற விருப்பத்தை ட்ரூ என்று வை. ஓப்பன்லேயர்ஸில் முகவரியில் ஒய்க்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால் போதும்.

கடலும் இல்லாமல் வெறும் சாம்பல் கட்டமாக வந்தால் அது வேறு கதை. ஜிப்ஸில் இருக்கும், டெர்ரா செயற்கைக்கோளின் மோடிஸ் கருவி எடுத்த நிறப்படத்தின் நுணுக்கம் 250 மீட்டர், அதனால் ஜூம் 9-உடன் நிறுத்திக்கொள்வார்கள். நீ 12-ஐக் கேட்டால் அங்கே துண்டே கிடையாது. அதிகபட்ச ஜூமை சோர்ஸில் 9 என்று எழுதிவிட்டால், லைப்ரரி அதையே இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும். அப்புறம் முகவரிக்குள் ஒரு தேதி இருக்கிறதே, காலை எட்டு மணிக்கு உட்கார்ந்துகொண்டு இன்றைய தேதியைப் போடாதே. டெர்ரா நம் தலைக்கு மேல் வருவதே முற்பகலில்தான். நேற்றைய தேதி போடு.

கூகுள் மேப்பில் தெரியும் சாட்டிலைட் படத்தின் டைல் முகவரி இணையத்தில் கிடைக்கிறது. நேராக அதையே சேர்த்துவிடலாமா?
– வாசகர், பர்கூர்

வரும். ஆனால் விதிப்படி கூடாது. அவர்கள் கொடுக்கும் ஏபிஐ என்ற அதிகாரபூர்வ வழியாக, சாவி வாங்கித்தான் காட்ட வேண்டும். எனக்கு அதைவிடப் பெரிய சங்கடம், அந்தப் படம் எந்தத் தேதியில் எடுத்தது என்று துண்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளே வெவ்வேறு வருடமாக இருக்கலாம். அழகு பார்க்கச் சரி, கணக்குப் போட ஆகாது.

மேடம், ஓசூர் முதல் தர்மபுரி வரை ஒரே படமாக வேண்டும் என்று ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 எடுத்த படங்கள் இரண்டை இறக்கினேன். ராஸ்டீரியோ என்ற பைதான் லைப்ரரியில் ஒட்டப் போனால், படத்தின் அளவை முறையைச் சொல்லும் சிஆர்எஸ் ஒத்துப்போகவில்லை என்று மறுக்கிறது. நண்பர் ஒருவர் சொன்னபடி ஓசூர்ப் படத்தில் 32643 என்று இருந்ததை 32644 என்று மாற்றி எழுதிவிட்டேன். பிழைச்செய்தி போய்விட்டது. ஆனால் நடுவில் பெரிய கறுப்புப் பட்டை விழுந்து, ஓசூர் எங்கேயோ தள்ளி இருக்கிறது.
– வாசகர், பாலக்கோடு

ஓசூர் எங்கே இருக்கிறது என்று நான் சொல்கிறேன்: வங்காள விரிகுடா நடுவில். முதல் கடிதத்தில் நான்கு என்றேன், நீங்கள் ஐந்தாவது கடலைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

இந்தக் கேள்வி திருச்சிக்காரருக்கோ தஞ்சாவூர்க்காரருக்கோ அனேகமாக வரவே வராது. நமக்கு வரும். காரணம், நம் இரண்டு மாவட்டங்களையும் நெடுக்காக வெட்டிக்கொண்டு 78 டிகிரி தீர்க்கரேகை போகிறது. யூடிஎம் என்ற அளவை முறை உலகத்தை ஆறு ஆறு டிகிரியாக 60 மண்டலங்களாகப் பிரிக்கிறது. 72 முதல் 78 வரை 43-ஆவது மண்டலம், 78 முதல் 84 வரை 44-ஆவது. நீங்கள் பார்த்த 32643, 32644 இந்த இரண்டின் குறி எண்கள். கோடு சூளகிரிக்குச் சற்று மேற்கே இறங்கி மாரண்டஅள்ளிப் பக்கமாகத் தெற்கே போகிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டை, பென்னாகரம், ஒகேனக்கல் எல்லாம் 43. கிருஷ்ணகிரி, பாலக்கோடு, தர்மபுரி, அரூர் எல்லாம் 44. சென்டினல்-2 படத்தின் தாள் பெயரைப் பார்த்தாலே தெரியும், ஒன்று 43-இல் தொடங்கும், மற்றது 44-இல்.

ஒவ்வொரு மண்டலத்துக்கும் அதன் நடுக்கோட்டில் கிழக்கு எண் 5 லட்சம் மீட்டர் என்று வைத்துக்கொள்வார்கள். 43-க்கு நடுக்கோடு 75 டிகிரி. ஓசூர் அதற்குக் கிழக்கே வெகு தூரம், அதனால் அதன் எண் 8 லட்சத்தைத் தாண்டிவிடும். 44-க்கு நடுக்கோடு 81. தர்மபுரி அதற்கு மேற்கே வெகு தூரம், ஆகவே எண் ஏறக்குறைய 1 லட்சத்து 90 ஆயிரம். நிஜத்தில் பஸ்ஸில் சுமார் இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஊர்கள், எண்ணில் 6 லட்சம் மீட்டர் தள்ளி நிற்கின்றன. நீங்கள் எண்ணை அப்படியே விட்டுவிட்டு மண்டலத்தின் பெயரை மட்டும் மாற்றினீர்கள். பட்டாவில் சர்வே எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு கிராமத்தின் பெயரை மட்டும் அடித்து எழுதின மாதிரி. நிலம் வேறு ஊருக்குப் போகாமல் என்ன செய்யும்?

செய்ய வேண்டியது மறுவீழ்த்தல். அதாவது ஒவ்வொரு பிக்சலையும் 43-இன் கணக்கிலிருந்து எடுத்து 44-இன் கணக்கில் புதிதாக உட்கார வைப்பது. ராஸ்டீரியோவில் அதற்கு ரீபுரொஜெக்ட் இருக்கிறது. புதுக் கோப்பு எழுதாமல், படிக்கும்போதே செய்ய வார்ப்டுவிஆர்டி இருக்கிறது. ஓசூர்ப் படத்தை 32644-க்குக் கொண்டுவந்துவிட்டு அப்புறம் மெர்ஜ் செய்யுங்கள். கோட்டைத் தாண்டி இந்த அளவு தூரம் 44-ஐ நீட்டிப் பயன்படுத்துவதால் குடி முழுகிப்போகாது.

ஒன்று மட்டும் கவனம். கோட்டுக்குப் பக்கத்தில் இரண்டு மண்டலங்களின் வடக்கும் ஒன்றுக்கொன்று சுமார் 1.3 டிகிரி சாய்ந்திருக்கும். அதனால் பிக்சல்கள் கட்டத்தோடு கட்டம் பொருந்தாது, புதிய மதிப்பைக் கணக்கிட்டுத்தான் நிரப்ப வேண்டும். நிற அலைவரிசைகளுக்கு, பக்கத்துப் பிக்சல்களின் சராசரியை எடுக்கும் பைலீனியர் போடுங்கள். மேகம், நிழல், தண்ணீர் என்று வகை எண் எழுதியிருக்கும் எஸ்சிஎல் அடுக்குக்கு மட்டும், மிக அருகில் இருக்கும் பிக்சலின் எண்ணை அப்படியே எடுக்கும் நியரஸ்ட். அதில் 4 என்றால் செடிகொடி, 6 என்றால் தண்ணீர், 8 என்றால் மேகம். 4-க்கும் 8-க்கும் சராசரி எடுத்தால் 6 வரும். மேகம் சூழ்ந்த தோப்பைச் சுற்றி அகழி வெட்டின மாதிரி தண்ணீர் தெரியும். நான் ஒருமுறை தளியில் இல்லாத ஏரிகளை அப்படி உண்டாக்கியிருக்கிறேன்.

சென்டினல்-2 படத்தின் பி2, பி3, பி4 அலைவரிசைகள் மூன்றையும் அடுக்கினேன். ஃபோட்டோ பார்க்கும் மென்பொருளில் முழுக் கறுப்பு. அதே கோப்பை, படம் வரையும் பைதான் லைப்ரரியான மேட்பிளாட்லிப்பில் காட்டினால் முழு வெள்ளை. கோப்பு கெட்டுவிட்டதா அக்கா?
– பொறியியல் மாணவி, அரூர்

கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு பிக்சலில் எழுதியிருப்பது நிறம் இல்லை, நிலம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பியது என்ற அளவு, 10,000-ஆல் பெருக்கி எழுதியது. நம் ஊர்ச் செம்மண், தோப்பு, ஏரி எல்லாம் பெரும்பாலும் 3000-க்குள் அடங்கிவிடும். கல் குவாரிகள்தான் அதற்கு மேலே பளிச்சென்று எகிறும். 16 பிட் கோப்பு என்பதால் ஃபோட்டோ மென்பொருள் 65,535-ஐ முழு வெள்ளை என்று எடுத்துக்கொள்கிறது. அதில் 3000 என்பது நூற்றில் ஐந்துகூட இல்லை, ஆகவே கறுப்பு. மேட்பிளாட்லிப்போ முழு எண்ணைப் பார்த்தால் 255-தான் உச்சம் என்று வைத்துக்கொண்டு அதற்கு மேலே இருப்பதையெல்லாம் வெட்டிவிடுகிறது, ஆகவே வெள்ளை. 3000-ஆல் வகுத்து, 0 முதல் 1-க்குள் அடக்கிக் காட்டு. ஊர் தெரியும்.

சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசைக்கு பி4, பி3, பி2 என்று போக வேண்டும். நீ அடுக்கியிருப்பது தலைகீழ், செம்மண் நீலமாகத் தெரியும். ராஸ்டீரியோ அலைவரிசையை முதல் அச்சில் வைக்கும், மேட்பிளாட்லிப் அதைக் கடைசி அச்சில் எதிர்பார்க்கும், அதையும் திருப்பிக்கொள்.

இதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது, நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 2022 ஜனவரி 25-இலிருந்து வரும் படங்களில் எல்லா மதிப்புகளோடும் 1000-ஐக் கூட்டி எழுதுகிறார்கள். இருட்டான இடங்களில் எண் பூஜ்யத்துக்குக் கீழே போய்த் தொலைந்துவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு. நாம் படிக்கும்போது 1000-ஐக் கழிக்க வேண்டும். இதை மறந்தால் என்ன ஆகும் என்று ஒரு தோப்பை வைத்துப் பார். சிவப்பில் 400, அகச்சிவப்பில் 3000 என்றால் பசுமைக் குறியீடான என்டிவிஐ 0.76. இரண்டிலும் 1000 கூடி 1400, 4000 ஆகிவிட்டால் அதே தோப்புக்கு 0.48. ஒரு இலைகூட உதிரவில்லை, கணக்கில் பாதித் தோப்பு காய்ந்துவிட்டது. 2021 படத்தையும் 2023 படத்தையும் ஒப்பிட்டு, மாவட்டத்தில் பசுமை சரிந்துவிட்டது என்று அறுபது பக்கத்துக்கு எழுதிய புராஜெக்ட் ஒன்று என் மேசைக்கே திருத்த வந்தது. பாவம், பைண்டிங் வரை போட்டுவிட்டிருந்தார்கள்.

கழிப்பதிலும் ஒரு குழி உண்டு. அந்த எண்கள் குறியில்லா 16 பிட், அதாவது மைனஸுக்கு அதில் இடமே இல்லை. அதிலிருந்து நேராகக் கழித்தால் 900-இலிருந்து 1000 போய் மைனஸ் 100 வராது, சுற்றிக்கொண்டு 65,436 வந்து நிற்கும். ஏரிக்குள் வைரம் கொட்டின மாதிரி புள்ளி புள்ளியாக மின்னும். முதலில் ஃப்ளோட்டாக (தசம எண்ணாக) மாற்று, அப்புறம் கழி. சில தளங்கள் கழித்துவிட்டே கோப்பைக் கொடுக்கின்றன. மெட்டாடேட்டாவைப் பார்க்காமல் நீயும் ஒருமுறை கழித்துவைக்காதே.

அம்மா, காவேரிப்பட்டணம் பக்கம் எனக்கு மாந்தோப்பு இருக்கிறது. இந்தப் படத்தை வைத்து மரத்தை எண்ண முடியுமா, ஏக்கரை அளக்க முடியுமா? மகன் கம்ப்யூட்டர் படிக்கிறான், சொன்னால் செய்வான்.
– விவசாயி

ஐயா, பழைய முறையில் முப்பத்து மூன்று அடிக்கு ஒன்றாக நட்ட தோப்பு என்றால் உங்களுக்கு ஒரு அதிசயப் பொருத்தம் இருக்கிறது. அந்த இடைவெளி பத்து மீட்டர். சென்டினல்-2 படத்தில் ஒரு பிக்சலும் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். ஏக்கருக்கு 40 மரம், ஏக்கருக்கு 40 பிக்சல். ஆனால் ஒரு பிக்சலுக்குள் ஒரே ஒரு மரம்தான் உட்காரும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. கட்டம் பாதி மரத்தின் மேலும் பாதி அடுத்த மரத்தின் மேலும் விழும். ஆகவே எண்ண முடியாது. ஒரு பிக்சல் என்பது சுமார் இரண்டரை சென்ட் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படம் என்றால் 30 மீட்டர், ஒரு பிக்சல் 22 சென்ட். முன்னே காரிமங்கலம் தம்பி ஏற்றிய மோடிஸ் படத்தில் உங்கள் முழுத் தோப்பும் ஒரே புள்ளிக்குள் போய்விடும், பதினைந்து ஏக்கருக்கு ஒரு புள்ளி.

தோப்பின் எந்த மூலை வாடுகிறது என்று பார்க்கலாம், அதற்கு இது நல்ல கருவி. மா வருடம் முழுக்கப் பச்சையாக நிற்பதால், மே மாதக் கடைசியில் எடுத்த படத்தைப் பாருங்கள். மழைக்காலப் படத்தில் மரத்தடிப் புல்லும் சேர்ந்து பச்சை காட்டி ஏமாற்றும்.

ஏக்கர் அளக்கும் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். எங்கள் பெரியப்பா முறை ஒருவர் கிளிமூக்குத் தோப்பைக் குத்தகைக்கு விட்டார், ஏக்கருக்கு இவ்வளவு என்று பேச்சு. நான்தான் வீட்டில் கம்ப்யூட்டர்க்காரி. ஓப்பன்லேயர்ஸில் படத்தை ஏற்றி, வேலியோரமாகக் கோடு இழுத்து, கெட்ஏரியாவைக் கூப்பிட்டேன். 10 ஏக்கர் 48 சென்ட் என்று வந்தது. பெருமையாக பிரிண்ட் எடுத்தும் கொடுத்தேன். குத்தகைக்காரர் சர்வேயரைக் கூட்டிவந்து சங்கிலி போட்டார். 10 ஏக்கர், ஒரு சென்ட் கூட இல்லை. மண்டியில் நாலு பேர் முன்னால் பெரியப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "நாப்பத்தெட்டு சென்ட்டு எங்கம்மா, கம்ப்யூட்டருக்குள்ளயே இருக்குதா?" என்று கேட்டார்.

அங்கேதான் இருந்தது. வெப் மெர்க்கேட்டர், உருண்டையைத் தட்டையாக்கும்போது பூமத்திய ரேகையிலிருந்து விலக விலக நிலத்தை இழுத்துப் பெரிதாக்கும். நம் 12.4 டிகிரியில் நீளம் நூற்றுக்கு 2.4 கூடும், அகலமும் அதே அளவு கூடும், பரப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 4.8 கூடிவிடும். பத்து ஏக்கருக்கு 48 சென்ட், அச்சாக அதேதான். வடிவத்தின் மேல் நேராகக் கூப்பிடும் கெட்ஏரியா இந்தத் தட்டைக் கணக்கைத்தான் சொல்லும். ஸ்பியர் என்ற பகுதியில் அதே பெயரில் இன்னொன்று இருக்கிறது, அது பூமியின் உருண்டையைக் கணக்கில் எடுத்துச் சொல்லும். மகனிடம் ஸ்பியரில் இருப்பதைக் கூப்பிடச் சொல்லுங்கள். அப்போதும் பத்து மீட்டர் பிக்சலில் வேலி சரியாகத் தெரியாது, தோராயம்தான். குத்தகைப் பேச்சுக்கு சர்வேயரைக் கூப்பிடுங்கள்.

ஒரு நாள் படம் என்றால் ஏறக்குறைய ஒரு ஜிபி இறங்குகிறது. எங்களுக்கு மொபைல் நெட்தான். எனக்கு வேண்டியது கிருஷ்ணகிரி அணை ஒன்று மட்டும்.
– வாசகர், வேப்பனப்பள்ளி

ஒரு கிலோ தக்காளிக்காக ராயக்கோட்டை மண்டி லாரியை வீட்டு வாசலுக்கு வரவழைக்கிறீர்கள். சிஓஜி என்ற வடிவத்தில் இருக்கும் ஜியோடிஃப்பை, அதாவது இடத்தின் எண்களும் சேர்ந்த படக்கோப்பைத் தேடுங்கள். சாதாரண ஜியோடிஃப்தான், உள்ளே அடுக்கிவைத்த விதம்தான் வேறு. 10,980-க்கு 10,980 பிக்சல் படத்தை 512 அல்லது 1024 பிக்சல் சதுரங்களாக வெட்டி, எந்தச் சதுரம் கோப்பில் எங்கே இருக்கிறது என்ற பட்டியலை முன்னாலேயே எழுதியிருப்பார்கள். பாதி அளவு, கால் அளவு என்று சின்னப் பிரதிகளும் அதற்குள்ளேயே இருக்கும். லைப்ரரி முதலில் பட்டியலை மட்டும் வாங்கும், அப்புறம் அணை விழும் சதுரங்களை மட்டும் கேட்டு வாங்கும். ராஸ்டீரியோவில் இணைய முகவரியை அப்படியே ஓப்பன் செய்துவிட்டு விண்டோவை (வேண்டிய பகுதியின் எல்லையை) கொடுத்து ரீட் போடுங்கள். முழு அணையும் சில எம்பியில் முடிந்துவிடும்.

உலாவியிலேயே காட்ட ஓப்பன்லேயர்ஸில் ஜியோடிஃப் சோர்ஸ் இருக்கிறது. ஆனால் கோப்பு இருக்கும் சர்வர், வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கைக்கு அனுமதி தர வேண்டும். தராவிட்டால் கன்சோலில் கார்ஸ் என்று சிவப்பாக எழுதிவிட்டுப் படுத்துக்கொள்ளும். ஐரோப்பியர்களின் மூலக்கோப்பான ஜேபி2-வை அந்த சோர்ஸ் படிக்காது. அப்புறம், பழைய பாடங்களில் வரும், சென்டினல் படங்களைத் தந்த கோப்பர்னிகஸ் ஓப்பன் ஆக்சஸ் ஹப் தளத்தை 2023 கடைசியில் மூடிவிட்டார்கள், இப்போது கோப்பர்னிகஸ் டேட்டா ஸ்பேஸ். பழைய முகவரியில் கதவைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

2024 டிசம்பர் வெள்ளத்தின் படத்தை ஏற்றினேன். வெள்ளையாகவே இருக்கிறது. கோப்பில்தான் கோளாறா?
– ஆசிரியர், ஊத்தங்கரை

இல்லை சார், அது மேகம். ஃபெஞ்சல் புயலில் உங்கள் ஊரில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழையைக் கொண்டுவந்த மேகத்தைத்தான் பார்க்கிறீர்கள். எஸ்சிஎல் அடுக்கில் 8, 9 என்று இருக்கும் பிக்சல்களை எடுத்துவிட்டுப் பாருங்கள், அந்த நாளில் மிச்சம் ஒன்றும் இருக்காது. மேகத்தை ஊடுருவுவது ரேடார்தான், சென்டினல்-1. தண்ணீர் அதில் கறுப்பாகத் தெரியும். ஆனால் அந்த வாரம் வேலையில் இருந்தது சென்டினல்-1 வரிசையில் 1ஏ என்ற ஒரே செயற்கைக்கோள்தான். 1பி 2021 டிசம்பரிலேயே பழுதாகிவிட்டது, 1சி வானேறியது 2024 டிசம்பர் 5. ஒற்றை ஆள் அதே பாதைக்குத் திரும்ப 12 நாள் ஆகும். ஏரி உடைந்த தண்ணீர் 12 நாள் காத்திருக்குமா?

இஸ்ரோ படங்களை இதே மாதிரி ஏற்ற முடியாதா?
– வாசகர், பென்னாகரம்

முடியும். 2009-இல் தொடங்கிய புவன் தளத்தின் அடுக்குகள் டபிள்யூஎம்எஸ் என்ற வரைபடச் சேவை முறை வழியாக வரும். லீஃப்லெட், ஓப்பன்லேயர்ஸ் இரண்டிலும் அதற்கு வழி உண்டு. கோப்பாக இறக்க பூநிதி தளம். ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோளின் லிஸ்-4 கேமரா 5.8 மீட்டர், சென்டினலைவிடக் கூர்மை. டபிள்யூஎம்எஸ் 1.3 பதிப்பில் டிகிரி கேட்டால் மறுபடியும் அட்சரேகைதான் முதலில். காரிமங்கலம் தம்பியின் கடலில் நீங்களும் விழுந்துவிடாதீர்கள்.

அக்கா, எங்கள் ஊர்ப் பக்கம் போகும் 78 டிகிரிக் கோட்டை நேரில் போய்ப் பார்த்திருக்கிறீர்களா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, சூளகிரி

பார்க்க அங்கே ஒன்றும் இல்லை கண்ணு. ஆனாலும் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு மாரண்டஅள்ளிப் பக்கம், போனில் ஜிபிஎஸ்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு. 77.9998, 77.9999 என்று ஏறிக்கொண்டே வந்து, ஒரு தக்காளிக் கொல்லை வரப்பில் 78.0000 ஆனது. நின்றுவிட்டேன். நின்ற இடத்திலேயே எண் மறுபடி 77.9999-க்குப் போனது, திரும்ப வந்தது. போன் ஜிபிஎஸ் நாலைந்து மீட்டர் தடுமாறும், அவ்வளவுதான். வரப்பில் இரண்டு அடி முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்த என்னைப் பார்த்துக் கொல்லைக்காரப் பாட்டி வந்து, "என்னம்மா தொலைச்சிட்டே?" என்று கேட்டார். கோடு என்றேன். "அது எங்க வரப்பு, போன வருஷமே அளந்து கல்லு நட்டாச்சு" என்று சொல்லிவிட்டு, கையில் இரண்டு தக்காளியைக் கொடுத்து அனுப்பினார்.